பழவேற்காட்டு நீர்மேல் ஒரு பகல்

சென்னைவாசி கடலைத் தினந்தோறும் பார்க்கிறான். ஆனால் கடலை அறிவதில்லை. மாலை வேளையில் மணலில் அமர்ந்து, சுண்டல் தின்று, காலை நனைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். நீரை நம்பி வாழும் ஜனங்களும் நமது தேசத்து ஜனங்களே என்பதும், அவர்களுக்குள்ளும் ஒரு சட்டமும் ஒரு நீதியும் வழங்கி வருகின்றன என்பதும் அவன் நினைவுக்கு வருவதில்லை. இந்தக் குறை நம்மிடமும் இருந்தது. கோர்ட்டுக் கட்டுகளுக்கும் அச்சுக்கூடத்துப் புரூபுகளுக்கும் நடுவே வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்ட நாம், சென்ற மார்கழியில் இரண்டு நண்பர்களுடன் பழவேற்காட்டுக்குப் போனோம். ஒரு பகற்பொழுதைப் படகில் உல்லாசமாகக் கழிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இருக்கவில்லை. திரும்பி வரும்போது உல்லாசம் குறையவில்லை. ஆனால் அதனுடன் ஒரு கவலையும், ஒரு யோசனையும் கூடவே வந்தன. அவற்றை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரிக்கு அப்பால் இருக்கிறது. ஊரைக் கண் காண்பதற்கு முன்பே மூக்கு அறிந்துகொள்கிறது. சாலையோரத்தில் உலரும் கருவாடே ஊரின் வரவேற்புப் பத்திரம். கிழக்கே கடல்; வடக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரி. ஏரி என்று வழங்கினாலும் இது மழைநீர் தேங்கும் ஏரியன்று. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இவ்வகையில் பெரியது இதுவே. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மாத்திரமே தமிழகத்தைச் சேர்ந்தது. தெற்கே ஆரணி ஆறும், வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் வந்து கலக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே வரப்புப் போல் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் நமது தேசத்தின் ராக்கெட்டுகள் வானத்துக்குச் செல்கின்றன. சந்திரனை எட்டிய தேசத்தின் வாசலில், இடுப்பளவு நீரில் இறால் தடவும் ஏழை நிற்கிறாள். இந்த இரண்டு காட்சிகளையும் ஒருங்கே காட்டும் இடம் வேறு உண்டா என்பது சந்தேகமே.

வந்தவர்களும் இருந்தவர்களும்

படகுத்துறைக்குப் போகும் முன் ஊருக்குள் இருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். வாயிலின் இரு புறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். அவற்றில் மரக்கலங்களும் விருதுச் சின்னங்களும் மாண்டவர்களின் பெருமைகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்திறங்கிய டச்சு வர்த்தகக் கம்பெனியார் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையை அமைத்துக்கொண்டனர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தானமாக அந்த நூற்றாண்டின் பெரும் பகுதி இவ்வூரே விளங்கியது. நமது நெசவாளர் நெய்த துணி இங்கே கப்பலேறிக் கிழக்குத் தீவுகளுக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து வாசனைத் திரவியங்களை வாங்கினர். இன்றும் மலாய் தேசத்தார் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்று பெயர். இவ்வூரின் பெயரே அது.

துணி மாத்திரம் போகவில்லை, மனிதரும் போயினர். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஆயிரக்கணக்கான ஜனங்கள் அடிமைகளாக இத்துறையிலிருந்து படேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். விற்றவர்களின் கல்லறைகளை அரசாங்கம் வேலியிட்டுக் காப்பாற்றுகிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. 1825-ல் இவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அதற்கு முன்பே கோட்டை இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது அங்கே மேடும் முட்புதருமே உள்ளன. பெரிய கப்பல்களில் வந்தவர்கள் போய்விட்டார்கள். சிறிய தோணிகளில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டே துறைக்குப் போனோம்.

"நீந்தத் தெரியுமா?"

துறையில் படகுச் சவாரி கூடாது என்னும் அறிவிப்புப் பலகை ஒன்று நின்றது. அதன் நிழலிலேயே ஓர் இளைஞன் நின்று, "சார், போட்டு வேணுமா? முகத்துவாரம் வரைக்கும் போய் வரலாம்" என்று அழைத்தான். சட்டம் படித்து, சட்டத்தை வைத்தே பிழைத்த நாம் அப்போது என்ன செய்தோம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: வாடகை எவ்வளவு என்று கேட்டோம். வெயில் இதமாக இருந்தது. நீர் கண்ணாடி போல் கிடந்தது. பலகை நமக்கல்ல, வேறு யாருக்கோ என்று தோன்றிற்று.

பக்கத்தில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலை நிமிர்ந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். "ஐயாமாருக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார். மூவரில் ஒருவருக்கும் தெரியாது. "எனக்குத் தெரியும். தெரிஞ்ச நானே முகத்துவாரத்துல பார்த்துத்தான் போவேன்" என்றார் அவர். பிறகு இளைஞனைப் பார்த்து, "தம்பி, காசு பெருசா, உசுரு பெருசா?" என்றார். அவன் ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனான். அவன்மேல் நமக்குக் கோபம் வரவில்லை. முகத்துவாரம் அடைத்து மீன்பாடு குறைந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சவாரி கிடைத்தால் அது அவன் வீட்டு அடுப்பில் எரியும்.

நாம் ஏமாற்றத்துடன் நிற்பதைக் கண்ட பெரியவர், தாம் அக்கரைக் குப்பத்தில் மருமகன் வீட்டிலிருக்கும் வலையை எடுக்கப் போவதாகவும், விருப்பமானால் கூட வரலாம் என்றும், கூலி வேண்டாம் என்றும் சொன்னார். சட்டத்தின் எழுத்தை மீறாவிட்டாலும் அதன் விளிம்பில் கால் வைத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவரிடம் இரண்டு மிதவைச் சட்டைகள் இருந்தன. நண்பர்கள் அவற்றை அணிந்துகொண்டனர். நமக்கு, வாய் இறுக மூடிய இரண்டு காலி எண்ணெய்க் கேன்களைக் கயிற்றில் கோத்து மார்பில் கட்டினார். வக்கீல் கவுனில் இல்லாத கம்பீரம் அந்தக் கோலத்தில் இருந்ததாக நண்பர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கட்டாமல் ஏற்ற மாட்டேன் என்று அவர் நின்ற பிடிவாதத்தை, லைசென்ஸ் கொடுக்கும் எந்த அதிகாரியிடமும் நாம் கண்டதில்லை.

நீரின் மேல்

கரையை விட்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார். ஏரி அகலமே தவிர ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுதான். வாடைக்காற்று மெல்ல வீசிற்று. கழி நீரில் இறங்கும் ஓசையையும், எங்கோ ஒரு மடவை மீன் துள்ளி விழும் ஓசையையும் தவிர வேறு சத்தமில்லை. நகரத்தில் நாம் இழந்துவிட்ட பொருள்களில் முதன்மையானது எது என்று கேட்டால், பேசாத பொழுது என்றே சொல்வோம். அரைமணி நேரம் மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தூரத்தில் ஆழமற்ற நீரில் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு திட்டுத் தெரிந்தது. மணல் திட்டு என்று எண்ணினோம். அது அசைந்தது. பூநாரைக் கூட்டம்! குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இங்கே கூடும் இப்பறவைகள், வளைந்த அலகை நீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை அலசி உண்கின்றன. பெரியவர் படகை அவற்றின் பக்கம் விடவில்லை. "கிட்டப் போனா பறக்கும், பறந்தா இரை கெடும். அதுவும் பிழைக்க வந்ததுதானே?" என்றார். பறவைகளின் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்திருப்பதன் அர்த்தம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

சற்றுத் தள்ளி, சில பெண்கள் நீருக்குள் குந்தியபடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். பனையோலையால் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி, அகப்படும் இறாலைப் பறிக்குள் போடுகிறார்கள். வலையில்லை, படகில்லை, பத்து விரல்களே மூலதனம். நட்சத்திர ஓட்டல்களில் தட்டில் வரும் இறாலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பற்களில் தொங்கிய பறி இனி நம் நினைவுக்கு வரும்.

பாடு என்னும் நீதி

கால்வாய் போல் சற்று ஆழமான ஓரிடத்தில் நீருக்குள்ளிருந்து வரிசையாகக் கழிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வலை கட்டும் இடம் அது என்றார் பெரியவர். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. நீர் வற்றிக் கடலை நோக்கி ஓடும் வேளையில் அவை போகும் வழியில் வலை கட்டினால் பாடு நன்றாகக் கிடைக்கும். அத்தகைய நல்ல இடங்கள் சிலவே. வலை கட்ட விரும்புவோரோ பலர். பட்டணத்தில் என்றால் என்ன நடக்கும்? பணமுள்ளவன் ஏலத்தில் எடுப்பான். இல்லாவிட்டால் பலமுள்ளவன் பிடித்துக்கொள்வான். இரண்டு பேரும் நம்மிடம் வந்து வழக்குத் தொடுப்பார்கள்.

இங்கே அப்படியில்லை. பாட்டுரிமை உள்ள குப்பங்களில் எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை கிடைக்காது. இன்று விட்டவனுக்கு நாளை வரும். இதற்குப் 'பாடு' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் இந்த ஏற்பாட்டைப் பிற தேசத்து ஆராய்ச்சியாளர்களும் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். பொதுச் சொத்தைப் பொதுவாகவே வைத்துக்கொண்டு, அதை அழிக்காமலும் அடித்துக்கொள்ளாமலும் அனுபவிக்க முடியும் என்பதற்கு இது பிரத்தியட்ச சாட்சி.

இதில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பாட்டுரிமை எல்லாக் குடிகளுக்கும் இல்லை. உரிமையற்றவர்களுக்குப் பறியும் விரல்களுமே மிச்சம். நீதி என்பது வாசலில் நின்றுவிடும் பொருளன்று. அது உள்ளே இன்னும் போக வேண்டும். ஆயினும், போட்டி ஒன்றே மனிதனை இயக்கும் என்று புத்தகத்தில் படித்த நமக்கு, எழுதப்படாத இந்தச் சட்டம் ஒரு பெரிய பாடமாக இருந்தது.

மார்கழியில் ஒரு நாள்

கிழக்கே வெண்மையாக ஒரு கோடு தெரிந்தது. ஓர் இரைச்சலும் கேட்டது. அதுவே முகத்துவாரம். அங்கிருந்து வெகு தூரத்திலேயே பெரியவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். "இதுக்கு மேல வேணாம் ஐயா" என்றார். பிறகு நாம் கேட்காமலே, "அந்த கிறிஸ்மஸ் அன்னிக்கு நானும் தண்ணியில குதிச்சேன்" என்று மாத்திரம் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். விடுமுறையைக் கொண்டாட வந்த உறவினர்கள் அவர்கள். மிதவைச் சட்டை அணிந்திருந்தால் அவர்களில் பலர் இன்று நம்மிடையே இருப்பார்கள். அதன் பின்னர் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை வந்தது, ஆனால் சவாரி நிற்கவில்லை. விடுமுறை நாட்களில் அது மறைவாக நடந்தது என்பதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. நம்மை அழைத்த இளைஞனும் அதற்குச் சாட்சி. வாடகை கேட்ட நாமும் சாட்சி.

இது பழவேற்காட்டுக்கு மாத்திரம் உரிய துயரமன்று. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அது அரசாங்கத்தைச் சேர்ந்த சுற்றுலாப் படகே. 2023 மே 7-ல் கேரளத்தின் தானூரில் மற்றொரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அங்கே அளவுக்கு மீறி ஜனங்களை ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணீர், விசாரணைக் கமிஷன், அறிக்கை, பிறகு மறதி. இதுவே நமது வழக்கமாகிவிட்டது.

தடை பாதுகாப்பு ஆகுமா?

தடை வேண்டாம் என்பதன்று நமது கட்சி. காப்பாற்ற வழியில்லாதபோது தடுப்பது சர்க்காரின் கடமை. ஆனால், தடுத்துவிட்டோம் என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போவது பாதுகாப்பு ஆகாது. வெளிப்படையாக நடக்கும் சவாரியில் மிதவைச் சட்டை உண்டா என்று கேட்கலாம். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணலாம். மறைவாக நடக்கும் சவாரியில் இரண்டையும் செய்ய முடியாது. ஆகவே, நடைமுறையில் இல்லாத தடை ஆபத்தைக் குறைப்பதில்லை. அதைக் கண்ணுக்கு மறைக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1917-ஆம் வருஷத்து உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ல் பாராளுமன்றம் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதிய சட்டம் செய்தது. கலங்களைப் பதிவு செய்தல், பரிசோதித்தல், உயிர்காக்கும் சாதனங்கள் வைத்தல் முதலியவை அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. நமது மாகாணத்திலேயே, சிதம்பரத்துக்கு அருகில் பிச்சாவரத்தில், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் மிதவைச் சட்டை கொடுத்து, சுரபுன்னைக் காடுகளினூடே ஜனங்களைப் படகில் அழைத்துச் சென்று வந்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முடியும், ஆனால் யார் கையில் என்பதே கேள்வி. பழவேற்காட்டு நீரின் மேல் உல்லாசப் பிரயாணம் நடக்க வேண்டுமானால், அது வெளியூர்க் கண்டிராக்டர் கையில் போகக்கூடாது. அந்த நீரை அறிந்த மீனவரின் கூட்டுறவுச் சங்கத்தின் கையிலேயே இருக்க வேண்டும். ஒரு படகில் பத்துப் பேருக்குப் பதில் இருபது பேரை ஏற்றுவது ஏன்? அடுத்த படகுக்காரன் ஏற்றிவிடுவானே என்ற பயத்தினால். இன்று விட்டால் நாளை கிடைக்காதே என்ற கவலையினால். அந்தப் பயத்துக்கும் கவலைக்கும் மருந்து இந்த ஊரிலேயே இருக்கிறது. மீனுக்குப் பாடு வைத்தவர்கள் பிரயாணிகளுக்கும் பாடு வைக்கட்டும். இன்று இன்ன படகுகள், நாளை இன்ன படகுகள் என்று முறை இருந்தால், எவனும் எவனையும் முந்த வேண்டியதில்லை. அளவுக்கு மேல் ஏற்ற வேண்டியதுமில்லை. மீனுக்கு உள்ள பாட்டில் இடமில்லாத குடிகளுக்கு இந்தப் புதிய பாட்டிலாவது ஆரம்பத்திலேயே இடம் கொடுத்தால், பழைய குறை ஒன்றும் சிறிது தீரும்.

விதிகளும் பல வேண்டாம். ஒவ்வொரு படகின் பக்கத்திலும், ஏறத்தக்க தொகையைக் குழந்தையும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மிதவைச் சட்டை இல்லாதவனை, அவன் மந்திரியேயானாலும், ஏற்றக்கூடாது. சவாரி ஏரியின் உள்பகுதியோடு நிற்க வேண்டும். முகத்துவாரத்தின் பக்கம் போகக்கூடாது. காற்று மாறினால் துறையை மூடும் அதிகாரம் சங்கத்தின் மூத்த மீனவரிடம் இருக்க வேண்டும். பூநாரைகளுக்கு அருகே போகலாகாது. இவற்றை நடத்திக் காட்டும் வரையில் தடை இருக்கட்டும். ஆனால் அது காவலுடன் கூடிய தடையாக இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்றுண்டு. ஏரி உயிரோடிருந்தால்தான் படகும் உண்டு, பாடும் உண்டு. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல் நீர் உள்ளே வராது, இறாலும் வராது. மீனவர்கள் பல தடவை தாங்களே மண்வெட்டி எடுத்து அதை வெட்டித் திறந்திருக்கிறார்கள். அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கற்சுவர் வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளைய கோரிக்கையாக இருந்து வந்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரிக்கும் யோசனை வந்தபோது, கரை அரிக்கும், ஏரி கெடும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயத்தைப் பாமரரின் பயம் என்று ஒதுக்குவோர், பெரிய கப்பல்களை நம்பிய இவ்வூரின் பழைய கதையை ஒரு தரம் கல்லறைத் தோட்டத்தில் படித்துப் பார்ப்பது நலம்.

மாலை வெயில் சாயும்போது கரை சேர்ந்தோம். மார்பிலிருந்த கேன்களை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பணம் எடுக்கப் பையில் கை வைத்தோம். பெரியவர் கையை அசைத்து மறுத்துவிட்டார். "பணம் வேணாம் ஐயா. நீங்க பத்திரிகைக்காரங்கன்னு சொன்னீங்க. பலகை மட்டும் போதாதுன்னு எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டோம். கூலி வாங்காத அந்தப் படகோட்டிக்கு நாம் பட்ட கடன் இதனால் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. படிக்கும் தேசபக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சட்டசபையிலும் ஜில்லா அதிகாரிகளிடமும் இதை எடுத்துச் சொல்லும் சக்தி உங்களில் பலருக்கு உண்டு. அடுத்த மார்கழியும் வரும், விடுமுறையும் வரும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஜனங்கள் அந்தத் துறையில் வந்து நிற்பார்கள். அவர்களை வரவேற்பது பலகையா, மிதவைச் சட்டையா என்பதை அதற்குள் தீர்மானித்துவிட வேண்டும்.